அளவு எழுதாத நாய்

அத்தியாயம் 9

"நாய்னு ஒண்ணு அங்க இருந்ததே இல்லைங்க ஐயா. பதினோரு வருஷமா பெருக்கிட்டு வர்றவ சொல்றேன். ஒருத்தர் காதுலயும் ஏறல."

கெசாயா டான்ஸ்லி துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்ல்தோர்ப் தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது. மார்ச் மாதக் காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. காலை மணி ஒன்பது. பகல் இரண்டு மணிக்கு நாட்டிங்ஹாம் கோர்ட்டில் அவள் கணவன் ஈனாக் கூண்டில் ஏற வேண்டும்.

துப்பறிவாளர் திர்க்கெல் உள்ளே இருந்த கல்லறையைச் சுற்றி நடந்தார். பதினெட்டு வருடம் லண்டன் போலீசில் இருந்தவர். கோபம் வந்தால் பேச்சு குறையும். இன்று காலையிலிருந்து அவர் மொத்தம் நாலு வார்த்தைதான் பேசியிருந்தார்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்மேடை. அதன் மேல் நானூறு வருடமாக இரண்டு சிலைகள் மல்லாந்து படுத்திருந்தன. ஒரு வீரன், பக்கத்தில் அவன் மனைவி. இரண்டும் வெண்ணெய் நிறத்தில் அலபாஸ்டர் கல். இப்போது வீரன் மட்டும் கூப்பிய கைகளோடு தனியாகக் கிடந்தான். பக்கத்து இடம் காலி.

"பாவம், நானூறு வருஷம் கூடப் படுத்தவ சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா" என்றான் உதவியாளன் கெட்ஜ். நாற்பது வயது, முன்னாள் நாடகக் கொட்டகை ஆள். வாயில் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பணியாரம் இருந்தாலும் பேச்சு நிற்காது. "இருந்தாலும் ஆள் முகத்துல ஒரு நிம்மதி தெரியுது சார்."

"கெட்ஜ்."

"சரி சார்."

வழக்கு இதுதான். அலபாஸ்டர் கல்லைச் சூளையில் சுட்டுப் பொடித்தால் சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாந்து கிடைக்கும். கல்தச்சன் ஈனாக் டான்ஸ்லிக்குச் சொந்தமாக ஒரு சின்னச் சூளை உண்டு. குவாரியில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கிச் சுடுவான். போன மாதம் தேவாலயத்தின் தரையைச் சரிசெய்யும் வேலை அவனிடம் வந்தது. ஆராதனையைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடுவில் மூன்று நாள் பண்ணை அதிபர் சர் ஆப்ரி டன்வெல் அவனைத் தன் பாலத்தைச் செப்பனிட அனுப்பினார். திரும்பி வந்து பார்த்தால் சிலையைக் காணோம். ஓடிப்போய் முதலில் சொன்னவனே ஈனாக்தான், அதுவும் சர் ஆப்ரியிடமே. அன்று மாலை போலீஸ்காரர் அவன் சாந்துத் தொட்டியில் கையை விட்டார். அலபாஸ்டர் நாய் ஒன்று வந்தது.

அந்தக் காலச் சிற்பிகள் சீமாட்டிகளின் காலடியில் ஒரு குட்டி நாயைச் செதுக்குவது வழக்கம். ஆக, சிலையை உடைத்துச் சுட்டுச் சாந்தாக்கி விட்டான், நாயை மட்டும் இன்னும் சுடவில்லை என்று வழக்கு ஜோடிக்கப்பட்டது. ஏழு வருடக் கடுங்காவல் நிச்சயம் என்று ஊரே பேசியது.

"எம் புருஷன் சத்தியம் பண்ணி ஒரு வார்த்தை சொல்ல முடியாதாமே?" என்று கெசாயா கேட்டாள்.

"முடியாது. கூண்டுல நிக்கிறவன் சாட்சி சொல்ல சட்டம் விடாது. அவன் பெண்டாட்டியும் சொல்ல முடியாது."

"நாய் இல்லைன்னு தெரிஞ்சவங்க நாங்க ரெண்டு பேருதான். நாங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது. நல்லா இருக்கே, யாரு உக்காந்து யோசிச்சாங்க இதை?"

திர்க்கெல் அக்குளில் இடுக்கியிருந்த பெரிய புத்தகத்தைக் கல்மேடையில் விரித்தார். கட்டடக் கலைஞர் செப்டிமஸ் பிளைத் முப்பத்தொரு வருடம் முன்பு ஊர் ஊராகப் போய் வரைந்த தேவாலயக் கல்லறைகள் அதில் இருந்தன. பன்னிரண்டாம் படம் மார்ல்தோர்ப். வீரன், சீமாட்டி, அவள் காலடியில் மணிப்பட்டை கட்டிய குட்டி நாய். போலீசுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியவர் சர் ஆப்ரி. அச்சில் நாய் இருக்கிறது, கையில் நாய் இருக்கிறது. நாய் இல்லை என்று ஒரு கொத்து வேலைக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஊர்ல மத்தவங்க யாருமே பாத்ததில்லையாம்மா?" என்றான் கெட்ஜ்.

கெசாயா துடைப்பத்தின் காம்பால் காட்டினாள். கல்மேடையின் கால்பக்கத்தை ஒட்டி, ஆள் உயர மரச்சுவரும் கதவும் வைத்த ஒரு பெட்டி நின்றது. அது டன்வெல் குடும்பத்தின் சொந்த இருக்கை. உள்ளே மெத்தை, கம்பளம், குளிருக்குத் தனியாகக் கணப்பு. கால்பக்கத்தை அது முழுக்க மறைத்திருந்தது. பின்னால் ஒரு துடைப்பம் நுழையும் சந்து மட்டும்.

திர்க்கெல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தச் சந்தில் பக்கவாட்டில் நுழைந்தார். கொஞ்ச நேரம் அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"கெட்ஜ், சீமாட்டி கிடந்த இடம் பளிச்சுனு இருக்கு. நானூறு வருஷம் தூசி படலை."

"சரி."

"ஆனா அந்தப் பளிச் கணுக்காலோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் நாய் படுத்திருக்க வேண்டிய இடத்துல, கணப்புக் கரி விரல் கனம் அப்பியிருக்கு. நாய் அங்க இருந்திருந்தா கரி நாய் மேல படிஞ்சிருக்கணும். அடியில கல்லு சுத்தமா இருந்திருக்கணும்."

"அதைத்தானே நான் ஒரு மாசமா கத்திட்டிருக்கேன்" என்றாள் கெசாயா. "சிலையோட பாதம் எந்தக் காலத்துலயோ உடைஞ்சு போச்சு. அங்க எலிக்கூடுதான் இருக்கும்."

கெட்ஜ் மெல்லுவதை நிறுத்தினான். "சர் ஆப்ரி விசாரணையில என்ன சொன்னாரு? சின்ன வயசுலேர்ந்து ஞாயித்துக்கிழமை அந்த நாயைத் தடவிக் குடுத்துட்டுத்தான் ஜெபத்துக்கு உக்காருவேன்னு. அந்த மரச்சுவருல முதுகு சாய்ச்சு நாப்பது வருஷம் உக்காந்திருக்காரு. ஒரு தடவை திரும்பி எட்டிப் பாக்கலை."

"அவருக்குப் புத்தகம் போதும்" என்று வெளியே வந்தார் திர்க்கெல். மூக்கில் கரி. "ஆனா நான் சொல்றது செல்லாது. கெசாயா குடுத்த பணத்துல வந்த ஆளுன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. இந்தப் புத்தகத்தைப் பொய்னு சொல்ல ஒரே ஒரு ஆளாலதான் முடியும்."

அவர் படத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு விரலை ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு போனார்.

"கெட்ஜ், இந்த எண்களையெல்லாம் படி."

பிளைத்தின் படங்களில் இது ஒரு தனி அழகு. கோட்டுக்குக் கோடு பொடி எழுத்தில் அங்குலக் கணக்கு இருக்கும். வீரனின் வாள் முப்பத்தெட்டு. சீமாட்டியின் தலையணை பதினாறரை. மூக்குக்குக்கூட ஒன்றேகால் என்று எழுதியிருந்தார். கெட்ஜ் படித்துக்கொண்டே வந்து காலடியில் நின்றான்.

"நாய்க்கு எண் இல்லை சார்."

"மூக்கை அளந்த மனுஷன் நாயை ஏன் அளக்கலை?"

"கடிக்கும்னு பயந்திருப்பாரு."

"இல்லாததை எப்படி அளக்கறது?" திர்க்கெல் புத்தகத்தை மூடினார். "பதினொண்ணு பத்து ரயில். நீயும் கிளம்பும்மா."

*

நாட்டிங்ஹாமில் கோட்டைக்குக் கீழே செங்கல் வீடு. செப்டிமஸ் பிளைத் வரைமேசைக்குப் பின்னால் நின்றபடியே அவர்களைப் பார்த்தார். வயது அறுபத்தேழு. சுவரில் கண்ணாடிக்குள் ஒரு தங்கப் பதக்கம். அதைக் கொடுத்தது அந்தப் புத்தகத்துக்காக.

"முன்னுரையைப் படிச்சீங்களா?" என்றார் அவர். "கல்லில் கண்டதைத் தவிர ஒரு கோடும் இதில் இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கேன். முப்பத்தொரு வருஷமா ஒருத்தன் ஒரு கோட்டைத் தப்புன்னு சொன்னதில்லை. இப்ப ஒரு போலீஸ்காரன் வந்து எனக்குச் சொல்லித் தரப் போறானா?"

"முன்னாள் போலீஸ்காரன்" என்றான் கெட்ஜ்.

"யோவ், நீ யாரு?"

"கறிப் பணியாரம் வாங்கிட்டு வர்ற ஆளு சார்."

திர்க்கெல் பன்னிரண்டாம் படத்தைத் திருப்பி அவர் முன் வைத்தார். "ஒரே ஒரு கேள்வி. இந்த நாயோட நீளம் என்ன?"

பிளைத் வாயைத் திறந்தார்.

"தோராயமா சொன்னாலும் போதும்" என்றார் திர்க்கெல்.

அவர் தோராயமாகச் சொல்கிற மனிதர் இல்லை. அதுதான் அவருடைய பலம், இப்போது அதுவே அவரைப் பிடித்து நிறுத்தியது. உதடு ஓர் எண்ணுக்காகக் குவிந்தது, எண் வரவில்லை. அவர் ஒரு நீண்ட இழுப்பறையைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்து மேசையில் ஏறக்குறைய எறிந்தார்.

மூலப் படம். வீரனும் சீமாட்டியும் கறுப்பு மையில். கணுக்காலில் மை நின்றுவிட்டது. அதற்குக் கீழே, மங்கிய பென்சிலில், நாய்.

"பாத்தது மையில. நினைச்சது பென்சில்ல. அதான் என் வழக்கம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அச்சுக்குச் செப்புத் தகடுல கோடு வெட்டறவனுக்கு மையும் பென்சிலும் ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரே கோடா வெட்டித் தொலைச்சான். அந்தத் தடிமாட்டுப் பயல் செஞ்சது."

"அச்சுக்கு முன்னாடி உங்களுக்கு மாதிரித் தாள் வந்திருக்குமே?"

"வந்தது."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்." பிளைத்தின் கழுத்து சிவந்தது. "நாயோட படம் நல்லா இருந்தது. போதுமா? விட்டுட்டேன். ஒரு நாய்தானேன்னு விட்டுட்டேன்."

"இதை ரெண்டு மணிக்குக் கோர்ட்டுல சொல்லணும்."

"மாட்டேன்." அவர் தாளை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். "ஒரு கோடு பொய்னு சொன்னா நூத்தி நாப்பது படமும் பொய்னு எழுதுவாங்க. இந்தப் படங்களை வெச்சுத்தான் இடிஞ்ச கல்லறைகளை இன்னிக்குக் கட்டறாங்க, தெரியுமா? என் ஆயுசுய்யா அது. வெளிய போங்க."

அதுவரை கதவோரம் நின்ற கெசாயா முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க படம் நல்லா இருக்குங்க. எம் புருஷன் போர்ட்லண்டு ஜெயில்ல ஏழு வருஷம் கல்லு உடைக்கிறப்போ, ஒரு நாய்தானேன்னு நானும் விட்டுடறேன்."

"வெளிய போம்மா."

தெருவில் கெட்ஜ் தொப்பியைத் தலையில் அடித்து வைத்துக்கொண்டான். "அந்த ஆளை அளக்கணும்னா ஒரு அங்குலக் கோல் போதும் சார்."

திர்க்கெல் அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை, கெட்ஜும் சிரிக்கவில்லை.

*

கோர்ட் நிரம்பியிருந்தது. சர் ஆப்ரி டன்வெல் சாட்சிக் கூண்டில் ஏறி, பைபிளை முத்தமிட்டு, அதே கதையை இன்னும் உருக்கமாகச் சொன்னார்.

"குழந்தையிலேர்ந்து தெரியும் மை லார்ட். ஜெபத்துக்கு முன்னாடி அதோட தலையைத் தடவுவேன். அந்த மிருகம் எங்க குடும்பத்துல ஒண்ணு மாதிரி. அதைத்தான் இவன் தொட்டியில பாத்தேன்."

ஜூரியில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். கைதிக் கூண்டில் ஈனாக் கம்பியைப் பிடித்திருந்தான். விரல் மூட்டுகள் சாந்து நிறத்துக்கு வெளுத்திருந்தன.

ஈனாக்கின் இளம் வக்கீல் எழுந்து, திர்க்கெல் சொல்லிக் கொடுத்தபடி புத்தகத்தை நீட்டி, நாய்க்கு மட்டும் எண் இல்லை என்று காட்டினார். எதிர்த் தரப்பு வக்கீல் சிரித்தார்.

"எண்ணை எழுத மறந்தா நாய் காணாமப் போயிடுமா? அப்படின்னா என் வீட்டு நாயும் இல்லைன்னுதான் அர்த்தம். அதையும் நான் அளந்ததில்லை."

ஜூரி சிரித்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். திர்க்கெல் நாற்காலியின் கையைப் பிடித்த பிடியில் மரம் கிறீச்சிட்டது.

அப்போது பின்பக்கம் காவலாளியிடம் யாரோ சண்டை போடும் சத்தம். "கையை எடுய்யா. உன் கோர்ட்டு நடைக்கூடத்துக்குப் படம் வரைஞ்சவனே நான்தான்." கூட்டம் விலகியது. செப்டிமஸ் பிளைத், அக்குளில் சுருட்டிய தாளோடு, மூச்சிரைக்க, தெருவிலேயே யாரையோ அடித்துவிட்டு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு நேராக நடந்து வந்தார்.

சத்தியம் செய்தார். தாளை விரித்தார். மை எது, பென்சில் எது என்று ஜூரிக்கு வகுப்பு எடுப்பது போலக் காட்டினார். "ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தேழுல நான் சந்துல புகுந்து பாத்தேன். கணுக்காலுக்குக் கீழே ஒண்ணும் இல்லை. நாய் என்னோட ஊகம். அதை உண்மை மாதிரி அச்சுல விட்டது என் தப்பு. எழுதிக்குங்க."

எதிர்த் தரப்பு வக்கீல் ஒரு நொடி தடுமாறி, மறுநொடி சுதாரித்துக்கொண்டார். "பெரியவரே, உங்க ஊகம் சரியாவே இருந்திருக்கலாமே? உடைஞ்ச நாய் அந்த மேடைக்கு அடியில எங்கயாவது கிடந்திருக்கும். கைதி தோண்டி எடுத்திருப்பான். நீங்க மேதை, சரியா ஊகிச்சுட்டீங்க. அவ்வளவுதானே?"

இது வலையில் விழுந்த மீன் நழுவிப்போனது போல் ஆகிவிட்டது. கெட்ஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்த நாயை நான் இன்னும் பாக்கலை" என்றார் பிளைத். "குடுங்க."

சாட்சிப் பொருளை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்கள். பிளைத் அதைத் திருப்பினார். பட்டையின் மணிகளைத் தடவினார். பிறகு அவர் கட்டை விரல் நாயின் இடது காதுக்குப் போய் அங்கேயே நின்றது. காதின் மேல் பாதி வளைந்து அறுந்தது போலச் செதுக்கப்பட்டிருந்தது.

அவர் பேசியபோது குரலில் சத்தம் போய்விட்டிருந்தது.

"இது மஸ்டர்ட்."

"யாரு?" என்றார் நீதிபதி.

"என் டெரியர் நாய், மை லார்ட். நாயை ஊகமா வரையணும்னா கண்ணு முன்னாடி ஏதாவது வேணுமே. மஸ்டர்ட் கூடத்தான் வந்திருந்தது. அந்தச் சந்துக்குப் பக்கத்துல உக்கார வெச்சு வரைஞ்சேன். இந்தக் காதை முந்தின வருஷம் பொந்துல வாழற வளைக்கரடி ஒண்ணு கடிச்சுட்டுப் போச்சு. நான் அதையும் விடாம வரைஞ்சேன், பழக்கதோஷம்." அவர் சிலையை ஜூரியின் பக்கம் திருப்பினார். "நானூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த சிற்பிக்கு என் நாயோட காது எப்படித் தெரியும்? இதை என் படத்தைப் பாத்துச் செதுக்கியிருக்கான் எவனோ. போன வருஷமா, போன மாசமா, தெரியாது. படத்தைப் பாத்து."

எல்லாத் தலையும் மெல்ல ஒரே பக்கம் திரும்பியது. அந்த நாயைக் குழந்தையிலிருந்து தடவிக்கொடுத்த மனிதரின் பக்கம்.

திர்க்கெல், ரயில் சரக்குப் பதிவேட்டிலிருந்து குறித்துவைத்த ஒரு சீட்டை இளம் வக்கீலின் கையில் திணித்தார். வக்கீல் உரக்கப் படித்தார்: "ஈனாக் பாலத்தில் வேலை செய்த மூன்று நாளில் இரண்டாவது நாள், டன்வெல் மாளிகையிலிருந்து ஹல் துறைமுகத்துக்கு ஒரு பெட்டி ரயிலில் போயிருக்கிறது. ஆறடி நீளம். உள்ளே பியானோ என்று எழுதியிருக்கிறார்கள்."

"மாளிகையில ஒரு பியானோதான் உண்டு" என்று கெட்ஜ் பக்கத்து ஆளிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "நேத்து சமையல்காரம்மா அதுமேல தூசி தட்டிக்கிட்டிருந்தாங்க. நானே ஒரு பாட்டு வாசிச்சேன். போன பியானோவுக்குத்தான் கால் இல்லை போலிருக்கு."

சர் ஆப்ரி எழுந்து தொப்பியைத் தேடினார். வாசலில் நின்ற போலீஸ்காரர், ஈனாக்கின் தொட்டியில் கைவிட்ட அதே ஆள், கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றார். விற்கக் கடத்திய சிலை ஹல்லில் கப்பல் ஏறிவிட்டதா, கிடங்கில்தான் கிடக்கிறதா என்பது இனி சர் ஆப்ரி சொல்ல வேண்டிய கதை.

ஜூரி வெளியே எழுந்து போகவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலைகள் கூடிப் பிரிந்தன. குற்றவாளி இல்லை.

*

நடைக்கூடத்தில் ஈனாக் கெசாயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பத்தொரு நாள் சிறையில் கால் தளர்ந்திருந்தது. பிளைத் அவர்களைத் தாண்டிப் போக முடியாமல், நிற்கவும் முடியாமல், தொண்டையைக் கனைத்தார்.

"டான்ஸ்லி. நான் வந்து..."

"வந்தீங்க" என்றான் ஈனாக். "கடைசியில வந்தீங்க. சரி."

கெசாயா சரி என்று சொல்லவில்லை. திர்க்கெலின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினாள். பன்னிரண்டாம் படத்தைச் சன்னல் திண்டில் விரித்தாள். பிளைத்தின் கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்த பென்சிலை அவளே உருவி அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"எழுதுங்க."

பிளைத் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, நாய்க்குப் பக்கத்தில், எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில், தன் பொடி எழுத்தில் 'ஊகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மொத்தம் எத்தனை புத்தகம் அச்சடிச்சீங்க?"

"அறுநூறு."

"இன்னும் ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கு" என்றாள் கெசாயா. கணவனின் கையைத் தன் தோளில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டாள். "பென்சில் தீந்துபோச்சுன்னா மார்ல்தோர்ப்புக்குச் சொல்லி அனுப்புங்க."

கெட்ஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். திர்க்கெல் திரும்பிப் பார்ப்பதற்குள் தானாகவே மூடிக்கொண்டான்.